அரைத் திருப்பு

“தெரியாது” என்ற சொல்லை எஞ்சின் திருத்துகிற அந்த மனுசன் சொல்லி நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அதுவும் நானாகப் பிடித்து இழுத்து வந்து சொல்ல வைத்தது. அதை நினைக்க இப்பவும் எனக்கு உள்ளே பத்தி எரிகிறது.

மற்றபடி எதைக் கேட்டாலும் அவருக்குத் தெரியும். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஒருநாள் தங்கள் வான் வண்டியை நிற்பாட்டி, நாரந்தனையில் ஒரு வீட்டுக்கு வழி கேட்டது. கையிலிருந்த ஸ்பனரை நீட்டி, இடக்கைப் பக்கம் மூன்றாவது ஒழுங்கை, வாசலில் பூவரசு நிற்கும் என்றார். முக்கால் மணித்தியாலத்தில் அதே வான் திரும்பி வந்தது. மனுசனின் முகம் கொஞ்சமும் கோணவில்லை. “அப்ப வலக்கைப் பக்கம்” என்றார், அதே உறுதியோடு. அந்த வீட்டுக்காரரை அவர் கண்ணால் கண்டதே இல்லை என்பது பிறகு தெரிய வந்தது. நான் அன்றைக்கு வயிறு நோகச் சிரித்தேன். சிரிக்கக் கூடிய காலம் அது.

எங்கள் பக்கத்து வளவுக்காரர் கிணறு வெட்ட இடம் பார்த்தபோது, கேட்காமலே வந்து குதிக்காலால் மண்ணில் ஒரு வட்டம் போட்டார். இதிலை வெட்டுங்கோ, சாட்டித் தண்ணி மாதிரி வரும் என்றார். தீவிலே நல்ல தண்ணீர் என்றால் சாட்டித் தண்ணீர்தான். வெட்டினார்கள். வந்தது வாயில் வைக்க ஏலாத உவர். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு முழம் போங்கோ என்றார். போனார்கள். இன்னும் உவர் கூடினது. அந்தக் கிணற்றில் பிறகு தேங்காய் மட்டைதான் ஊறப் போட்டார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். கடல் எஞ்சினில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. ஊர்காவற்றுறைக் கரையில் வலைக்காரர்களின் போட் எஞ்சின் எல்லாம் அவர் கையில்தான் உயிர் பெற்றது. நடுக்கடலில் எஞ்சின் நின்று போன போட்டுக்கு இன்னொரு போட்டில் போய், அலை தூக்கித் தூக்கிப் போட, ஸ்குறூவைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்து கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். கூப்பிட்ட குரலுக்கு வருவார். காசைப் பற்றி வாய் திறக்கமாட்டார். ஒரு கெட்ட மனுசனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

நான் ஹயர் கார் ஓடினவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து ஓடப் பழகி, அவர் போனபிறகு அந்தக் காரையே பிடித்துக்கொண்டேன். பழைய இங்கிலீசு டீசல் கார். நல்ல உழைப்பாளி, ஆனால் வேகம் இல்லை. எங்கள் தொழிலில் வேகம்தான் சோறு. யாழ்ப்பாணத்தில் பஸ்ஸைத் தவறவிட்ட நெடுந்தீவுச் சனம், நயினாதீவுச் சனம் எல்லாம் குறிகட்டுவானில் கடல் கடக்கிற லோஞ்ச் வெளிக்கிட முந்திப் போய்ச் சேரத்தான் கார் பிடிக்கும். சோழகக் காற்று தொடங்கிவிட்டால், கடலை ஊடறுத்துப் போகிற பண்ணைப் பாலத்தில் என்னுடைய கார் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு முக்கி முக்கித்தான் போகும். ஒருமுறை ஒரு பெடியன் சைக்கிளில் என்னை முந்திப் போய், திரும்பிப் பார்த்து, “அண்ணை, தள்ளிவிடட்டோ?” என்றான். காருக்குள் இருந்த சனமெல்லாம் சிரித்தது.

போதாததற்கு நான் பயந்தாங்கொள்ளி. காரின் பின்பெட்டியில் சாட்டித் தண்ணீர் ஒரு கான் எப்பவும் இருக்கும். இரண்டு பான் பெல்ற், கயிறு, காரைத் தூக்க ஜக், ஒரு ரோச் லைற், கை துடைக்கப் பழைய சாரம் ஒன்று. வெளிக்கிட முன் நாலு ரயரையும் காலால் தட்டிப் பார்ப்பேன். கொஞ்சத் தூரம் போய் இறங்கி இன்னொருக்கால் தட்டுவேன். அந்த மனுசன் இதைக் கண்டால் விடமாட்டார். “நீர் கார் ஓடேல்லை, கவலை ஓடுறீர்” என்பார்.

அவர் காரில் கை வைத்தது அப்படித்தான் தொடங்கினது. ஒருநாள் நானே போய், இந்தக் காருக்கு வேகம் கூட்ட ஏலுமோ என்று கேட்டேன். நானேதான். இதை நான் எப்பவும் விழுங்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கதை சொல்வது. இன்றைக்கு எழுதுகிறேன்.

பொனற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார். திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டாக்குத்தர் குழாய் வைத்துப் பார்ப்பது போல. பிறகு சொன்னார், இதற்குக் கழுத்தை நெரித்து வைத்திருக்கிறார்கள் என்று. டீசல் பம்பில் ஒரு ஸ்குறூ இருக்கும். எஞ்சினுக்குள் எவ்வளவு டீசல் கூடினபட்சம் போகலாம் என்பதற்கு அதுதான் எல்லை. அதை ஒருவரும் திருப்பக்கூடாது என்று கம்பி கோத்து ஈயத்தால் முத்திரை வைத்திருப்பார்கள்.

“அண்ணை, உது கொம்பனி வைச்ச சீல். அறுக்கலாமோ?” என்று கேட்டேன்.

“கொம்பனிக்காரன் சோழகத்துக்கை இந்தப் பாலத்தாலை ஓடிப் பாத்தவனோ?” என்றார்.

“இல்லை, முந்தி எங்கையும் கார்ப் பம்ப் திறந்திருக்கிறியளோ?”

“தெரியும்” என்றார்.

செய்திருக்கிறாயா என்று கேட்டால் தெரியும் என்கிற பதிலை என்ன செய்வது? எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம், ஒருவர் தெரியும் என்று அழுத்திச் சொன்னால் அடங்கிப் போவது. படிப்பில்லாதவனின் பழக்கம். குறட்டால் கம்பியை நறுக்கினார். ஈய மணி மண்ணில் விழுந்தது. ஸ்குறூவை அரைத் திருப்புத் திருப்பினார்.

அதோடு விடவில்லை. காற்று உள்ளே போகிற வழியில் இருந்த எயர் பில்ற்றரைக் கழற்றி வேலிக் கரையில் எறிந்தார். மூக்கிலை துணியைக் கட்டிக்கொண்டு ஓடுறவன் வெல்லுவானோ என்றார். தூசி போகுமே என்று நான் இழுத்தேன். இருபது வருசமாகப் போட் எஞ்சின் ஒன்றுக்கும் தான் பில்ற்றர் போட்டதில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்றார். அந்த நேரம் அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கடலில் ஏது தூசி என்ற கேள்வி எனக்கு வர மூன்று மாதம் சென்றது. அவருக்கு வரவே இல்லை.

ஆனால் கார் பறந்தது. அதை மறைக்க ஏலாது. அக்சிலேற்றரை மிதித்தால் முதுகு சீற்றில் போய் ஒட்டும். பாலத்தில் அந்தச் சைக்கிள் பெடியனைத் தேடித் திரிந்தேன். குறிகட்டுவானில் கயிறு அவிழ்க்கிற லோஞ்சுக்குக் கூட ஆளைக் கொண்டுபோய் ஏற்றினேன். பின்னால் மட்டும் கறுப்புப் புகை, தார்ப் பீப்பா எரிந்த மாதிரி. வேலணையில் ஒரு பெண் மனுசி வேலியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைத் தூக்கிக் காட்டி, உன்ரை காருக்கு ஆர் கொள்ளி வைச்சது என்று ஏசினாள். அதற்கும் சிரித்தேன்.

மூன்றாம் மாதம் கார் ஒயில் குடிக்கத் தொடங்கியது. காலையில் தள்ளாமல் ஸ்ராற் வராது. புகை கறுப்பிலிருந்து நீலமானது. றோட்டுப் புழுதி எஞ்சினுக்குள் போய் அரம் போல அராவுகிறது என்பது இப்ப தெரிகிறது. அவரிடம் போய்ச் சொன்னேன். “எஞ்சின் பழகுது” என்றார்.

என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் படித்தவன் அவன்தான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு பெடியளைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பித்தான் காப்பாற்றலாம் என்று எல்லா வீட்டிலும் அலைந்த காலம். அம்மா தன்னிடம் இருந்ததெல்லாம் விற்று அவனுக்கு ஜேர்மனிக்கு ஒழுங்கு செய்தா. ஏஜென்சிக்காரன் சொன்னது ஒன்றே ஒன்று. குறித்த நாள் காலை, யாழ்ப்பாணத்தில் கொழும்பு ரயிலில் அவன் கூட்டிப்போகிற ஆறு பேரும் ஏறவேண்டும். ஏறாதவனின் இடத்துக்கு வேறு ஆள் இருக்கிறான்.

ஊரடங்கால் விடியாமல் றோட்டில் இறங்கக் கூடாத காலம். விடிந்ததும் வெளிக்கிட்டால் ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கும். என்னுடைய பழைய ஆமை ஓட்டத்துக்கே அது தாராளம். இருந்தாலும் எனக்கு இரவெல்லாம் நித்திரை இல்லை. வெளிச்சம் வந்ததும் எழும்பிப் போனால், அந்த மனுசன் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் கூப்பிடவில்லை. தம்பி போகிறான் என்று கேள்விப்பட்டுத் தானாக வந்திருந்தார். சின்னவனை இண்டைக்கு நான்தான் பறக்க வைக்கிறன் என்றார். நான் வாய் திறக்க முன் இன்னொரு அரைத் திருப்பு.

பிறகு பின்பெட்டியைத் திறந்தார். பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்று சொல்லி, ஜக்கை இறக்கினார், கயிற்றை இறக்கினார், தண்ணீர்க் கானையும் இறக்கி முற்றத்தில் வைத்தார். போட் வேலைக்காரனின் புத்தி. கானை நான் திருப்பித் தூக்கினேன்.

“தம்பி, உதை வையும். அரை மணித்தியாலப் பயணத்துக்குத் தண்ணிப் பந்தலோ?” என்றார்.

தம்பியும் சிரித்தான். அம்மாவும் அந்தக் கண்ணீருக்குள் சிரித்தா. நான் கானை வைத்துவிட்டேன். பின் சீற்றில் தம்பி ஏறினான், மடியில் அம்மா கொடுத்த பயற்றம் பணியாரம், ஒரு மூடித் தகரம் நிறைய. வழித்துணைக்கு என்று இவர் முன்னுக்கு ஏறினார்.

அல்லைப்பிட்டி தாண்டிப் பாலத்தில் ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. பாலத்தின் நடுவுக்குக் கிட்ட எஞ்சின் வெக்கையைக் காட்டுகிற ஊசி சிவப்பில் போய் நின்றது. ஒரு மணம் வந்தது. பிறகு முன்பக்கத்தால் ஆவி. நிற்பாட்டிப் பார்த்தால், கூட்டின டீசலின் வெக்கையில் றேடியேற்றர்த் தண்ணீர் முழுக்க ஆவியாய்ப் போய்க் காய்ந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணீர், குடிக்கிற தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. எஞ்சினை ஆறவிடுவோம், கைகாட்டி வேறு வாகனம் பிடிப்போம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் நடுங்கினது. நடுங்கிற குரலை ஆர் கேட்பது?

மனுசன் தம்பியின் மடியிலிருந்து அந்தத் தகரத்தை வாங்கினார். பணியாரத்தைத் தோளில் கிடந்த துவாயில் கொட்டினார். கல்லில் இறங்கிக் கடலில் மொண்டுகொண்டு வந்தார்.

“அண்ணை, உப்புத் தண்ணி” என்றேன். “எஞ்சின் கொதிக்குது. வேண்டாம்.”

“வாழ்நாள் முழுக்கக் கடல் தண்ணியிலைதான் எஞ்சினைக் குளிர வைக்கிறன். எனக்குத் தெரியாததோ?” என்றார். ஊற்றினார்.

உள்ளே “டக்” என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. ஆரோ விரலை முறித்த மாதிரி. எஞ்சினின் தலை வெடித்த சத்தம் அது. எனக்குப் புரிந்துவிட்டது. அவர் இரண்டாம் தகரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

பஸ் ஒன்று நிரம்பி வழிந்து நிற்காமல் போனது. பிறகு ஒரு மீன் லொறி ஏற்றியது. ஸ்ரேசனுக்குள் நாங்கள் ஓட, வெறும் தண்டவாளம். ஏஜென்சிக்காரன் நிற்பான், எனக்குத் தெரியும், நாளைக்கு இடம் தருவான் என்றார் அந்த மனுசன். அவன் நிற்கவில்லை. எங்களுடைய இடத்தில் வேறு பெடியன் போய்விட்டான். இப்ப அவனுக்குப் பேரப்பிள்ளை இருக்கும்.

தம்பி என்னை ஒரு சொல் கேட்கவில்லை. துவாயில் கிடந்த பணியாரத்தைத் திரும்பத் தகரத்துக்குள் போட்டு, பரவாயில்லை அண்ணை, உப்பாய் இருக்கும், மற்றப்படி நல்லாய்த்தான் இருக்கும் என்றான்.

அடுத்த மாரிக்குள் இராணுவத்தின் சுற்றிவளைப்பு ஒன்று. சந்தையடியில் நின்ற பதினொரு பெடியளைக் கொண்டுபோனார்கள். அதில் அவன் ஒருத்தன். கொண்டுபோனவர்களோடு நான் எப்படிக் கோபப்படுவது? அவர்களுடைய ஒரு முகமும் எனக்குத் தெரியாது. இந்த மனுசனின் முகம் எனக்குத் தெரியும். மீசையில் ஒரு பக்கம் நரை, நாடியில் ஒரு வெட்டு. என்னுடைய ஆத்திரம் முழுவதற்கும் அந்த ஒரு முகம்தான் அகப்பட்டது.

அதோடாவது அவர் ஒதுங்கியிருக்கலாம். மூன்றாம் நாள் படியேறி வந்தார். அம்மா நிலத்தில் கிடந்தா. “அக்கா, எழும்புங்கோ. பெரிய காம்பிலைதான் வைச்சிருக்கிறாங்கள். எனக்குத் தெரியும். விசாரிச்சுப்போட்டு விட்டிடுவாங்கள்” என்றார்.

அம்மா எழும்பினா. அன்றைக்கே குசினிக்குள் போய்ப் பயறு வறுத்தா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் அம்மா இரண்டு பஸ் மாறி அந்தக் காம்ப் வாசலுக்குப் போனா, அதே தகரத்தைக் கொண்டு. அதன் விளிம்பில் கடல் தண்ணீர் பட்டுக் கறள் பிடித்திருந்தது. வாசலில் நிற்கிறவன் இங்கே ஒருவரும் இல்லை என்று கலைப்பான். அம்மா திரும்பி வந்து படியில் இருப்பா. பின்னேரம் மனுசன் வருவார். இந்தக் கிழமை இடம் மாற்றியிருக்கிறார்கள், அடுத்த கிழமை கேளுங்கள் என்பார். அவனை வெள்ளைச் சேட்டோடு முகாம் குசினியில் கண்டவர்கள் இருக்கிறார்கள் என்பார். கொஞ்சம் மெலிவுதான், வேறு ஒன்றும் இல்லை என்பார். காரின் ஸ்குறூவைத் திருப்பினது போல அம்மாவையும் கிழமைக்குக் கிழமை அரைத் திருப்புத் திருப்பினார்.

ஆர் கண்டது, ஆள் பெயர் என்ன, எந்த ஊர் என்று நான் ஒழுங்கைக்குள் மறித்துக் கேட்டேன். உமக்குத் தேவையில்லாத கவலை தம்பி என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தோளை நான் வீட்டுக்கு வந்து கழுவினேன்.

இரண்டு வருசம். பிறகு ஒரு வியாழன் அம்மா பஸ்ஸால் இறங்கும்போது முழங்கால் மடங்கி விழுந்து, நெற்றி வெடித்து, ஆரோ கொண்டுவந்து விட்டார்கள். தகரத்தை மட்டும் விடாமல் பிடித்திருந்தா. காயத்துக்குத் துணி கட்டிவிட்டு நான் நேரே கரைக்குப் போனேன்.

அவர் ஒரு போட்டுக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். வயதுக்கு மூத்தவர், நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது.

“தம்பி இருக்கிற இடம் உமக்குத் தெரியுமோ தெரியாதோ?” அவரை நான் ‘நீங்கள்’ என்பதை விட்டு ‘நீர்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கையைத் துடைத்தார். கன நேரம் துடைத்தார். “இதை மட்டும் என்னட்டைக் கேக்காதையும்” என்றார்.

“அம்மாவுக்கு முன்னாலை வந்து சொல்லும். இல்லையெண்டால் உம்மை நான் இதிலையே வைச்சு அடிப்பன்.”

எனக்கு அடிக்கத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் வந்தார். அம்மா நெற்றிக் கட்டோடு கட்டிலில் இருந்தா. அவர் கதிரையின் விளிம்பில் இருந்து, ஒயில் கையை மடிக்குள் வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தார். நான் வாசலை மறித்து நின்றேன்.

“எனக்குத் தெரியாது அக்கா” என்றார். “ஒண்டும் தெரியாது. ஒருநாளும் தெரிஞ்சிருக்கேல்லை.”

நான் அந்தச் சொல்லுக்காக மூன்று வருசம் காத்திருந்தவன். பம்ப் திறந்த அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் தம்பி ரயில் ஏறியிருப்பான். அது வந்தவுடன் எனக்குள் ஏதோ ஆறும் என்று நினைத்திருந்தேன்.

அம்மா மெல்ல எழும்பிப் போய் அந்தத் தகரத்தை எடுத்து மூடியைத் திறந்தா. ஒரு தட்டில் பணியாரம் முழுவதையும் கொட்டி அவருக்கு முன்னால் வைத்தா.

“சாப்பிடும். இனி உது பழுதாய்ப் போகும்” என்றா.

அவர் ஒன்றை எடுத்தார். வாய் வரைக்கும் கொண்டு போனார். திரும்ப வைத்துவிட்டு, என்னைத் தாண்டி, செருப்பையும் போடாமல் நடந்து போனார். பிறகு அவர் எங்கள் படி ஏறவில்லை. தீவைவிட்டுச் சனம் வெளிக்கிட்ட காலத்தில் எந்தப் பக்கம் போனாரோ. செருப்பு மட்டும் எங்கள் வாசலில் கன நாள் கிடந்தது.

அம்மா வெறுந் தகரத்தைக் கழுவி, முற்றத்தில் வெயிலில் கவிழ்த்து வைத்தா. அடுத்த வியாழன் போகவில்லை. அதற்கடுத்த வியாழனும் போகவில்லை. பயறு வறுக்கிற மணம் அதோடு எங்கள் வீட்டில் நின்றது. ஒரு நாள் மத்தியானம், நான் வெடித்த எஞ்சினோடு கொட்டிலில் நின்ற காரைத் துணியால் துடைத்துக்கொண்டு நிற்க, அம்மா வந்து பக்கத்தில் நின்றா.

“அந்த மனுசனை நீ ஏன் அப்பிடிச் சொல்ல வைச்சனீ?” என்று கேட்டா.

கேள்வியில் கோபம் இல்லை. பதில் வேணும் என்றுதான் கேட்டா. பதிலாக என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அவருடைய வாயிலிருந்து நான் பிடுங்கி எடுத்த அதே சொல். அது எனக்கும் வாயில் வரவில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன்.